செஞ்சாச்சு என்றால், செய்தது யார்?

(கோவில்பட்டியில், கல்லூரி இறுதியாண்டு மாணவர்களும் பெற்றோரும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பின்னால் சுவரோரமாக நிற்கும் தாய்மார்களே, முன்வரிசையில் நாற்காலிகள் காலியாக இருக்கின்றன, வந்து உட்காருங்கள். இன்றைக்கு நான் பேசப்போவதில் பாதி உங்களைப் பற்றியதுதான்.

இருபது வருஷத்துக்கும் மேலாக, வேலைக்கு ஆள் எடுக்கும் குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன். அதில் ஒரு நாள் மட்டும் என்னை விட்டுப் போகவே இல்லை. விளாத்திகுளம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். பி.காம். முடித்தவள், நல்ல மதிப்பெண். கணக்குப் பிரிவில் வேலை. பாடக் கேள்விகளுக்கெல்லாம் தெளிவாகப் பதில் சொன்னாள். கடைசியாக எனக்குப் பக்கத்தில் இருந்தவர், "யாரும் சொல்லாமல் நீங்களாகவே ஒரு பொறுப்பை எடுத்துச் செய்த சம்பவம் ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்டார். அந்தப் பெண் கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்தாள். "அப்படி ஒண்ணும் இல்லை சார்" என்றாள். மதிப்பெண் தாளில் அந்தக் கேள்விக்கான கட்டத்தில் பூஜ்யம் விழுந்தது.

மதியம் வராந்தாவில் அவளும் அவள் அம்மாவும் தூக்குவாளியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் வலது கையில் முழங்கை வரைக்கும் தீக்காயத் தழும்பு. என்னம்மா இது என்று விசாரித்தேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் தீப்பெட்டி ஆபீஸில் பட்ட காயம். இருபத்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். அந்த அம்மாதான் மகளிர் குழுவுக்கு ஊக்குநர். குழுவின் கணக்கு நோட்டு அவரிடம்தான் இருந்தது. வங்கிக்குத் தவணை கட்ட வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. கல்லூரியில் முதலாண்டு படித்துக்கொண்டிருந்த மகள், நோட்டை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய் ஒவ்வொரு வரியாக அம்மாவுக்கு வாசித்துக் காட்டிச் சரிபார்த்தாள். இரண்டு பேர் கணக்கில் பிழை இருந்ததைக் கண்டுபிடித்தாள். சாயங்காலங்களில் பதினான்கு வீடு ஏறி இறங்கினாள். தவணை நாளுக்கு முந்தின நாளே பணத்தைக் கட்டி, ரசீதைக் கொண்டுவந்து குழுக் கூட்டத்தில் கணக்கை வாசித்தாள்.

"இதை ஏன்மா உள்ளே சொல்லல?" என்று கேட்டேன்.

"அது வீட்டு வேலைதானே சார்" என்றாள்.

அவளுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. மதிப்பெண் தாளில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தோம். அவள் வேலை இல்லாமல் போனதில் என் பங்கு உண்டு. "கல்லூரியில்தான் என்று இல்லை, வீட்டில், ஊரில் நடந்தது எதுவானாலும் சொல்லு" என்று இரண்டாவதாக ஒரு கேள்வி நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்தக் கடன் இன்னும் நிற்கிறது. அதனால்தான் கூப்பிட்ட உடனே வந்தேன்.

இந்த மாதிரிக் கேள்விக்கு உங்கள் பயிற்சி வகுப்புகளில் பிஹேவியரல் கொஸ்டின் என்று பெயர் சொல்லியிருப்பார்கள். நடத்தைக் கேள்வி என்று வைத்துக்கொள்வோம். "நீங்கள் பொறுமைசாலியா?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் யாரும் சொல்வார்கள். "பொறுமையை இழக்கும் அளவுக்கு ஒருவர் உங்களிடம் நடந்துகொண்டபோது என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். முன்னால் என்ன செய்தாரோ அதைத்தான் பின்னாலும் செய்வார் என்பது கணக்கு. நாமும் இதைத்தானே செய்கிறோம்? சம்பந்தம் பேசப் போகிற ஊரில் மாப்பிள்ளையிடமா விசாரிக்கிறோம்? டீக்கடையில் விசாரிக்கிறோம், கூட வேலை செய்கிறவரிடம் விசாரிக்கிறோம். என்ன குணம் என்று கேட்பதில்லை. "தம்பிக்கு உடம்பு சரியில்லாம இருந்தப்ப அவன் என்ன செஞ்சான்" என்று கேட்கிறோம்.

இது படிப்பாளிகள் கைக்குப் போன கதை இரண்டாம் உலகப் போரில் தொடங்குகிறது. அமெரிக்க ராணுவத்தில் விமானம் ஓட்டப் பயிற்சிக்கு வந்தவர்களில் பலர் பாதியில் நீக்கப்பட்டார்கள். ஏன் நீக்கினீர்கள் என்று பதிவேடுகளைப் புரட்டினால், இயல்பான திறமை இல்லை, மனப்பாங்கு சரியில்லை என்று ஒரே மாதிரி வாசகங்கள். அதை வைத்துக்கொண்டு அடுத்த ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது? ஜான் ஃபிளனகன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் கேள்வியை மாற்றினார்கள். அபிப்பிராயம் வேண்டாம், எந்த நாள், எந்த இடம், அந்த ஆள் என்ன செய்தார், அதனால் என்ன ஆயிற்று, அதைச் சொல்லுங்கள் என்று சம்பவங்களைச் சேகரித்தார்கள். 1954இல் அவர் இதை முறையாக எழுதி வெளியிட்டார். 1970களில் டி.டி.ஐ. என்ற அமெரிக்க நிறுவனம் ஸ்டார் முறையைக் கொண்டுவந்தது. சூழல், பணி, செயல், விளைவு என்ற நான்கின் ஆங்கில முதலெழுத்துகள்தான் அந்த ஸ்டார். 1982இல் டாம் ஜான்ஸ் என்பவர், மனம்போன போக்கில் பேசும் நேர்காணலையும், கடந்தகால நடத்தையை ஒழுங்காகக் கேட்கும் நேர்காணலையும் ஒப்பிட்டு, இரண்டாவதுதான் ஆளைச் சரியாகக் கணிக்கிறது என்று காட்டினார். 2022இல் பால் சாக்கெட்டும் உடனாய்வாளர்களும் பழைய ஆய்வுகளையெல்லாம் திரும்பக் கணக்குப் போட்டார்கள். முன்கூட்டிக் கேள்வியை வகுத்துக்கொண்டு எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்கும் நேர்காணலுக்கும், பின்னால் அந்த ஆள் வேலை செய்யும் விதத்துக்கும் உள்ள தொடர்பு 0.42 என்று வந்தது. மனம்போன போக்கில் பேசுவதற்கு 0.19. 1 என்றால் முழுப் பொருத்தம். ஆக 0.42 என்பதும் ஜோசியம் அல்ல, ஓரளவுக்குத்தான் சொல்லும். ஆனாலும் இருக்கிற வழிகளில் அதுவே முன்னால் நின்றது. கம்பெனிக்காரர்கள் இந்தக் கேள்வியை விடமாட்டார்கள் என்று தெரிந்துகொள்ள இது போதும்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் இடைசெவல். அந்த ஊரில் பிறந்த எழுத்தாளர் கி.ராஜநாராயணன் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். அவரை 1980களில் புதுவைப் பல்கலைக்கழகம் நாட்டார் வழக்காறுகளுக்காகப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. எந்தச் சான்றிதழைப் பார்த்து? பார்க்கச் சான்றிதழ் இல்லை. அவர் செய்த வேலை இருந்தது. சம்சாரிகள் வாயில் கிடந்த கதைகளை ஊர் ஊராகச் சேர்த்திருந்தார். கரிசல் சொற்களைத் திரட்டி, வட்டாரச் சொல்லகராதி கொண்டுவந்திருந்தார். செய்ததைப் பார்த்து ஆளை எடுப்பது என்பது இதுதான். நம் ஊரில் நினைவரங்கம் கட்டி நிறுத்தியிருக்கிறோமே, அந்த மனிதர் ஒரு நேர்காணலும் இல்லாமல் இந்த விதிக்குச் சாட்சியாக நிற்கிறார். அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. அவர் கதைகளில் வரும் ஆள் நல்லவன், கெட்டவன் என்று நமக்குச் சொல்லப்படுவதில்லை. அவன் எப்படி மாட்டைப் பிடித்தான், எப்படிக் கும்பாவை வழித்தான் என்று காட்டுவார். ஆள் நமக்குத் தெரிந்துவிடும்.

இவ்வளவு கதை சொல்லிகள் பிறந்த மண்ணில் நம் பிள்ளைகள் ஏன் அந்த நாற்காலியில் வாயடைத்துப் போகிறார்கள்? இங்கிலீஷ் வரவில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது இரண்டாவது காரணம்தான். நான் தமிழிலேயே கேட்டுப் பார்த்திருக்கிறேன். அப்போதும் வராது.

ஒரு பையனிடம் கேட்டேன். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குப் போனவன். "முகாம்ல தண்ணிப் பிரச்சினை வந்துச்சு சார். எல்லாரும் பேசி லாரி வரவச்சாச்சு. முகாமும் நல்லபடியா முடிஞ்சிருச்சு." இவ்வளவுதான் பதில். லாரியை வரவழைத்தது யார் என்று கேட்டேன். "நான்தான் சார்." லாரிக்காரர் நம்பர் எப்படிக் கிடைத்தது? "பஞ்சாயத்து கிளார்க்கைப் பாக்க சைக்கிள்ல போனேன்." பணம்? "சாப்பாட்டுக் கணக்குல இருந்து எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாக. ஆளுக்கு இருபது ரூபாய்னு நான்தான் எழுதி வாங்கினேன்." நாற்பது பேருக்கு ஒரு வாரம் தண்ணீர் கொண்டுவந்தவன், தன் வாயால் அதைச் சொல்லும்போது அந்தப் பேச்சில் தான் எங்கேயுமே இல்லை.

நம் பேச்சுத் தமிழில் இந்த 'ஆச்சு' இருக்கிறதே, அதைக் கொஞ்சம் கவனியுங்கள். முடிச்சாச்சு, கட்டியாச்சு, அனுப்பியாச்சு. வேலை நடந்துவிட்டது என்பது தெரிகிறது; கை யாருடையது என்று தெரிவதில்லை. அதே மாதிரி, வந்துருச்சு, உடைஞ்சிருச்சு, முடிஞ்சிருச்சு. எல்லாம் தானாக நடந்த மாதிரி. அடுத்தது 'நாங்க'. வீட்டில் பேசும்போது இது மரியாதை. நான் செய்தேன், நான் செய்தேன் என்று சொல்கிறவனை ஊரில் யாருக்கும் பிடிக்காது. அண்ணன் கட்டிய வீட்டைக்கூட "நாங்க கட்டினோம்" என்றுதான் தம்பி சொல்வான், அண்ணனும் அப்படித்தான் சொல்வான். அழகான பழக்கம். நான் அதை விடச் சொல்லவில்லை. ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் உங்கள் ஊர்க்காரர் இல்லை. நாற்பது பேரில் உங்கள் பங்கு எது என்று கண்டுபிடிக்கத்தான் அவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது தற்புகழ்ச்சி அல்லவா என்று ஒரு தங்கை என்னிடம் கேட்டாள். நல்ல கேள்வி. அதற்குப் பதில் எழுநூறு, எண்ணூறு வருஷத்துக்கு முன்னாலேயே எழுதி வைத்திருக்கிறது. பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில், ஒருவன் எவ்வளவு பெரிய நூல் செய்தாலும் தன்னைத் தானே புகழ்வது தகாது என்று முதலில் சொல்லிவிடுகிறார். அடுத்த சூத்திரத்திலேயே நான்கு இடங்களைக் கணக்காக விலக்கி வைக்கிறார். அரசனுடைய அவைக்கு ஓலை எழுதும்போது சொல்லலாம். தன்னுடைய ஆற்றல் தெரியாதவர்கள் நடுவில் சொல்லலாம். அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய நேரத்தில் சொல்லலாம். எதிரி தன்னைப் பழித்தபோது சொல்லலாம். புலவர்களுக்குச் சொன்னதுதான் அது. ஆனால் நினைத்துப் பாருங்கள். நீங்கள் அனுப்பும் விண்ணப்பம், அவைக்கு எழுதும் ஓலை. நேர்காணல் அறை, உங்கள் ஆற்றல் தெரியாதவர்கள் இருக்கும் இடம். நான்கில் இரண்டு அங்கேயே இருக்கிறது. அதற்கு வெளியே, கோயில் கொடையிலும் கல்யாண வீட்டிலும், 'நாங்க' என்றே பேசுங்கள். அந்த அறைக்குள் இருக்கும் இருபது நிமிஷத்துக்குப் பவணந்தி உங்களுக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்.

அந்த அனுமதியோடு, எதைச் சொல்வது என்று பார்ப்போம். "எங்களுக்கு அனுபவமே இல்லையே சார்" என்கிறீர்கள். இந்தக் கரிசலில் பிறந்த ஒருவர் அப்படிச் சொல்வதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

"முழு விவரம் கையில் இல்லாத நேரத்தில் ஒரு முடிவு எடுத்த சம்பவம் சொல்லுங்கள்" என்பது பெரிய கம்பெனிகளில் அடிக்கடி வரும் கேள்வி. உங்கள் தாத்தா வருஷா வருஷம் எடுத்த முடிவு அது. மானாவாரிக் கரிசலில் மழை விழுந்தபிறகு விதைக்கலாம் என்று காத்திருக்க முடியாது. ஈரம் பட்டால் மண் களியாகிக் காலைப் பிடித்துக்கொள்ளும். மாடும் இறங்காது, டிராக்டரும் இறங்காது. அதனால் ஆவணிக் கடைசியிலும் புரட்டாசியிலும் வானத்தைப் பார்த்துக் காய்ந்த மண்ணிலேயே விதையைப் போடுகிறோம். பலத்த மழை விழுந்தால் பிழைத்தோம். அரைகுறைத் தூறல் விழுந்தால் விதை முளைத்துக் காய்ந்துபோகும். திரும்ப விதைக்க வேண்டும், விதைக்குத் திரும்பப் பணம் வேண்டும். எந்த ஆழத்தில் போட்டால் சிறு தூறலுக்கு முளைக்காது, எவ்வளவு விதையை மறு விதைப்புக்காக மிச்சம் வைப்பது என்று ஒவ்வொரு சம்சாரிக்கும் மனக்கணக்கு உண்டு. 1901இலிருந்து இங்கே இயங்கும் நம் வேளாண் ஆராய்ச்சி நிலையம், நனைத்து உலர்த்திக் கடினப்படுத்திய விதையைப் பருவத்துக்கு முன்னால் விதைப்பது பற்றியெல்லாம் ஆராய்ந்திருக்கிறது என்றால், இந்த முடிவு எவ்வளவு கனமானது என்று பாருங்கள். உங்களில் ஒருவர் ஏதாவது ஒரு வருஷம் மழைச் செய்தியைப் பார்த்து, "இந்த வாரம் வேண்டாம்ப்பா" என்று அப்பாவிடம் சொல்லியிருந்தால், அல்லது பாதிப் புஞ்சையில் உளுந்தும் பாதியில் மக்காச்சோளமும் போடலாம் என்று யோசனை சொல்லியிருந்தால், அதுதான் பதில். அந்த வருஷம் விளையாமல் போயிருந்தாலும் பதில்தான்.

தீப்பெட்டி ஆபீஸை எடுத்துக்கொள்ளுங்கள். லீவு நாளில் அம்மாவோடு போய்ப் பெட்டி ஒட்டியவர்களும், பதினெட்டு முடிந்து பண்டல் போட்டவர்களும் இங்கே இருக்கிறீர்கள். பண்டலுக்கு 600 பெட்டி. ஒரு பெட்டி குறைந்தால் திரும்பி வரும். எண்ணிக்கையில் பிழை விடாமல் வேகமாக வேலை செய்வது எப்படி என்று நீங்கள் கற்றுக்கொண்டது அங்கேதான். 2021 டிசம்பரில் ஒரு ரூபாய்த் தீப்பெட்டி இரண்டு ரூபாய் ஆனதே, பதினான்கு வருஷத்துக்குப் பிறகு. மூலப்பொருள் விலை ஏறியதும், லைட்டர் வந்து சந்தையைத் தின்றதும், 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர் இறக்குமதிக்கு 2023இல் தடை வந்ததும் உங்களுக்குச் செய்தித்தாள் செய்தி இல்லை. வீட்டில் வாரக்கூலியாகத் தெரிந்த விஷயம். "மாற்றத்தை எப்படி எதிர்கொண்டீர்கள்?" என்று கேட்டால் வேலை இல்லாத வாரங்களில் வீட்டுச் செலவை எப்படி ஓட்டினீர்கள், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். ஒன்றை மட்டும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பரிதாபத்துக்காகச் சொல்லாதீர்கள். கஷ்டம் பதில் இல்லை. கஷ்டத்தில் நீங்கள் செய்தது பதில்.

ஹாக்கி ஆடும் தம்பிகள் சிலர் வந்திருக்கிறார்கள். நம் ஊர் மாரீஸ்வரன் 2022இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடியவர். குழுவாகச் செய்த வேலையைப் பற்றிச் சொல்லுங்கள் என்றால் உங்களைவிட நன்றாகச் சொல்ல ஆள் கிடையாது. நாங்க ஜெயிச்சோம் என்று சொல்லிவிட்டு நிறுத்தாதீர்கள். பந்து யாரிடமிருந்து வந்தது, நீங்களே அடிக்காமல் ஏன் அவனுக்குத் தள்ளினீர்கள், தோற்றுப்போன ஆட்டத்தில் இடைவேளையில் என்ன பேசினீர்கள் என்று சொல்லுங்கள். ஆட்டக்காரனுக்குத் தன் பங்கும் அடுத்தவன் பங்கும் பிரித்துத் தெரியும். நான் சொன்ன 'ஆச்சு' வியாதி இவர்களுக்குக் குறைவு என்று கவனித்திருக்கிறேன்.

இனி, தயாரிப்பு. முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு. அதில் பத்துச் சம்பவம். பொறுப்பெடுத்தது, தோற்றது, ஒருவரோடு ஒத்துப்போகாமல் இருந்தது, புதிதாக ஒன்றைக் கற்றது, பிழையைக் கண்டுபிடித்தது, கோபத்தை அடக்கியது, உதவி கேட்டது என்று தேடுங்கள். உங்களுக்கு ஞாபகம் வராது. அம்மாவிடம் கேளுங்கள். "நான் எப்பவாவது உனக்குப் பெரிய உதவியா இருந்திருக்கேனாம்மா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். நீங்கள் மறந்ததை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தாய்மார்களே, உங்களைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னேனே, இதற்காகத்தான். பிள்ளை வந்து கேட்கும்போது, போடா வேலையப் பாரு என்று சொல்லிவிடாதீர்கள்.

எழுதுவதைத் தமிழில் எழுதுங்கள், வீட்டில் பேசும் தமிழிலேயே. எழுதி முடித்ததும் 'ஆச்சு'க்களையெல்லாம் சுழித்து, அந்த இடத்தில் '-ஏன்' விகுதியைப் போடுங்கள். வரவச்சாச்சு என்பது வரவழைத்தேன் ஆகட்டும். அடுத்து எண்களைத் தேடுங்கள். எத்தனை பேர், எத்தனை நாள், எவ்வளவு ரூபாய். நினைவில் இருக்கிற எண் போதும், பெரிதாக்க வேண்டாம். அதற்குப் பிறகுதான் ஆங்கிலம். சொந்தச் சம்பவத்தை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டிய வினைச்சொற்கள் மொத்தம் முப்பது, நாற்பதுதான் வரும்: போனேன், கேட்டேன், எண்ணினேன், சரிபார்த்தேன், வாங்கினேன். அவற்றின் இறந்தகால வடிவங்களைக் கைக்குள் வைத்துக்கொண்டால் சின்னச் சின்ன வாக்கியமாக முழுக் கதையையும் சொல்லிவிடலாம். இரண்டு நிமிஷம் போதும். அதில் சூழலுக்கு இருபது விநாடிக்கு மேல் கொடுக்காதீர்கள். நம்மவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஊர், வீடு, சித்தப்பா, அந்த வருஷத்து மழை எல்லாவற்றையும் சொல்லி முடித்து, தான் செய்ததற்கு வரும்போது நேரம் தீர்ந்துவிடும். கதை சொல்லும் ஊர்க்காரர்களுக்கு இதில் கட்டுப்பாடு கூடுதலாக வேண்டும். செய்ததற்கு ஒரு நிமிஷமாவது இருக்கட்டும்.

மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரே பயிற்சி வகுப்பிலிருந்து வந்த ஐந்து பேர் ஒரே நாளில் ஒரே கதையைச் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். ஐந்து பேரும் கல்லூரி விழாவில் மின்சாரம் போனபோது ஜெனரேட்டர் ஏற்பாடு செய்தவர்கள். மூன்றாவது ஆளிடம், ஜெனரேட்டரை எங்கே நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். அவன் முகம் வாடியதைப் பார்க்க எனக்கு வேதனையாக இருந்தது. அவனுக்குச் சொந்தமாக ஒரு நல்ல சம்பவம் நிச்சயம் இருந்திருக்கும். அதற்கு மதிப்பில்லை என்று யாரோ அவனை நம்பவைத்திருக்கிறார்கள். நடந்த சம்பவத்தில் எத்தனை கிளைக்கேள்வி போட்டாலும் பதில் இருக்கும். அன்றைக்கு வெயிலா மழையா என்பதுகூடத் தெரியும்.

தோல்வியைக் கேட்டால் தோல்வியைச் சொல்லுங்கள். நான் பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் தோற்று அக்டோபரில் திரும்ப எழுதித் தேறியவன். என் முதல் நேர்காணலில் தோல்வியைப் பற்றிக் கேட்டபோது, நான் எதிலும் தோற்றதில்லை என்று சொன்னேன். முன்னால் இருந்த சான்றிதழில் தேறிய மாதம் அக்டோபர் என்று இருந்தது. கேட்டவர் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அந்த நான்கு மாதம் விடிகாலையில் எழுந்து ஒவ்வொரு கணக்காகத் திரும்பப் போட்டதைத்தான் நான் சொல்லியிருக்க வேண்டும். எங்கே தவறினேன், எப்படித் தெரிந்துகொண்டேன், பிறகு எதை மாற்றினேன். இந்த மூன்றும் இருந்தால் தோல்வியே உங்கள் பலமான பதிலாகிவிடும்.

அரசு வேலைக்குப் படிப்பவர்களுக்குச் சுருக்கமாக. மத்திய அரசின் அரசிதழ் பதிவு பெறாத குரூப் பி, குரூப் சி வேலைகளுக்கு 2016 ஜனவரி 1 முதல் நேர்காணலே இல்லை. குடிமைப் பணித் தேர்வில் மொத்தம் 2025 மதிப்பெண்ணில் 275 நேர்காணலுக்கு உண்டு, தமிழிலேயே பேசலாம். ராணுவ அதிகாரி தேர்வுக்குப் போகிறவர்கள் அரைமணி நேரத்தில் அறுபது சூழ்நிலைகளுக்கு நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எழுத வேண்டியிருக்கும். அங்கேயும் சொந்தச் சம்பவ நோட்டு வைத்திருப்பவருக்குக் கை ஓடும்.

ஆள் எடுக்க இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தப் பேச்சு அச்சில் வரும்போது அவர்கள் கண்ணிலும் படட்டும். எங்கள் பிள்ளைகளில் பலர் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். கிளப் தலைவர் பதவியும் வெளியூர்ப் பயிற்சியும் அவர்களுக்குக் கிடைத்திருக்காது. "வீட்டில், ஊரில், வேலையில், எங்கே நடந்ததானாலும் சரி" என்று கேள்வியோடு சேர்த்துச் சொல்லுங்கள். முதல் பதிலில் 'நாங்க' வந்தால், அதில் உங்கள் பங்கு எது என்று பொறுமையாகக் கேளுங்கள். எந்த ஊர் என்று கேட்டுவிட்டு, எந்தத் தெரு, என்ன ஆட்கள் என்று துருவுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை. கேட்பது தவறு. எல்லோரிடமும் ஒரே கேள்வி, எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்று இருந்தால் அதற்கெல்லாம் இடமே இருக்காது; இந்த முறையில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

நான் பேசிக்கொண்டே போகலாம், ஆனால் உங்களுக்கு வேலை இருக்கிறது. வாசலில் இருக்கும் தம்பிகள் ஆளுக்கு ஒரு வெள்ளைத்தாள் தருவார்கள். இங்கேயே உட்கார்ந்து ஒரே ஒரு சம்பவத்தை எழுதுங்கள். அம்மா கூட வந்திருந்தால் அவரிடம் கேட்டு எழுதுங்கள். கூடத்தில் சத்தம் வரும், வரட்டும். எழுதியதை எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள், வாய்விட்டு வாசியுங்கள், நான் கிளைக்கேள்வி கேட்கிறேன். விளாத்திகுளம் போகிறவர்களுக்குக் கடைசி பஸ் சீக்கிரம் என்றார்கள். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் முதலில் வரட்டும்.